தலைகீழாகப் பிடித்த முகம்

கொச்சி மட்டாஞ்சேரியில் வாஞ்சிநாதனைத் தெரியாதவர்கள் உண்டு. ஆனால் அவர் கைபடாத முகங்கள் குறைவு. கடைத்தெருவில் இஞ்சி மூட்டையும் மிளகு மூட்டையும் ஏற்றிய வண்டிகள் உரசிக்கொண்டு போகும் இடத்தில் சந்திரிகா ஸ்டுடியோ இருந்தது. அதன் உள்ளறையில், ஜன்னலோரம் சாய்வு மேசை போட்டு, நெகட்டிவின் மேல் ஊசிமுனைப் பென்சிலால் புள்ளி வைப்பதுதான் அவர் உத்தியோகம். ஊரில் அதற்கு டச்சப் என்று பெயர். பரு போகும், மரு போகும், கண்ணுக்குக் கீழே கிடக்கும் கருப்பு போகும். வளைகுடாவுக்குப் புறப்பட்டவனும் வரன் தேடுகிற பெண்ணும் அங்கிருந்து கொஞ்சம் அழகாகித்தான் வெளியே வந்தார்கள். “இது நான்தானா?” என்று யாராவது இழுத்தால், “சந்தேகம் உண்டானா ஆத்துக்காரியைக் கேளும்” என்பார். அவர் தொட்ட முகமெல்லாம் வழவழவென்று ஒரே குடும்பத்துச் சாடையாக இருக்கிறது என்று சிலர் முணுமுணுத்ததுண்டு. பொறாமைக்காரர்கள் என்று அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த மனுஷருக்குப் பொம்மைப் பைத்தியம் பிடித்தது எழுபத்தெட்டில். அந்த வருஷம் எர்ணாகுளத்தில் விண்வெளிக் கப்பல் ஓட்டுகிற ஒரு ஆங்கிலப் படம் வந்தது. வாஞ்சி மத்தியானப் படகில் போய்ப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து, மறுநாளும் போனார். அதற்கு மறுநாள் போக மனைவி ஸ்வர்ணலதா விடவில்லை. “பிள்ளைகளுக்கு வயசு ஏறறது, அவா அப்பாவுக்கு எறங்கறது” என்று அவள் அண்டை அயலெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அவருக்கு அதிலும் ஒரு பெருமை.

பைத்தியத்துக்கு எண்ணெய் ஊற்றியவர் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பள்ளுருத்தியில் குடியிருந்தவர், வில்லிங்டன் தீவில் கப்பல் சரக்கு இறக்கும் வின்ச் ஓட்டினார். வெளிநாட்டு மாலுமிகள் தங்கள் பிள்ளைகளுக்கென்று வாங்கி, பெட்டியில் இடமில்லாமல் தவிக்கிற சாமான்கள் அவர் கண்ணில் படும். ஒரு பை முந்திரிப் பருப்பைக் கொடுத்துவிட்டு, விரல் நீளத்தில் கண்ணாடித் தொப்பி போட்ட விண்வெளிக் கேப்டன் பொம்மை ஒன்றை வாங்கிவந்து வாஞ்சியின் மேசையில் நிறுத்தினார். எர்ணாகுளத்துத் திரையில் பார்த்த அதே ஆள், அதே முறைப்பு. வாஞ்சிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு முகம் மலரும். ஸ்டுடியோவுக்கு விடுமுறை. முன்பக்கப் பெஞ்சில் சாயாவும் பழம்பொரியும் வரும். யூதர் தெருவான ஜூ டவுனில் பழஞ்சாமான் கடை வைத்திருப்பவர்களும் மாலுமி வீட்டுக்காரர்களும் தங்களிடம் வந்து சேர்ந்த பொம்மைகளைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவருவார்கள். நல்லதா, மட்டமா, அசலா, எங்கேயோ திருட்டு அச்சில் வார்த்ததா, வாஞ்சி சாமி சொல்லணும்.

சாமி எடுத்தவுடன் முகத்தைப் பார்க்க மாட்டார். கையையும் காலையும் ஆட்டி மூட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். அச்சின் இரண்டு பாதியும் சேருகிற விளிம்பில் நகத்தை ஓட்டுவார். நகம் தட்டினால் உதட்டைப் பிதுக்குவார். நெற்றியும் மயிரும் சேருகிற இடத்தில் பெயிண்ட் வழிந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் தேடுவார். முகத்துக்கு வருவது கடைசியில். பத்திரிகையிலிருந்து வெட்டிவைத்த நடிகரின் படத்தை மேசையில் தலைகீழாக வைப்பார். பொம்மையையும் தலைகீழாகப் பிடிப்பார். டச்சப் வேலையில் தானாகப் பிடிபட்ட தந்திரம் அது. நேராகப் பார்த்தால் தொப்பியும் மீசையும் உடுப்பும் சேர்ந்துகொண்டு இவன்தான் அவன் என்று மனசை நம்பவைத்துவிடும். கவிழ்த்துவிட்டால் கண் மட்டும்தான் வேலை செய்யும்.

“கேப்டன் கேப்டனாத்தான் இருக்கான். ஆனா வலது கண்ணுல பெயிண்ட் ஒரு மயிரிழை எறங்கிடுத்து. பாரு இசக்கி, தூக்கம் கெட்டவன் மாதிரி முழிக்கறான்.”

“அப்ப நல்லதில்லையா, சாமி?”

“நோக்கு அழகா இருக்கணுமா, அவனாவே இருக்கணுமா? அதைப் பறை முதல்ல.” ‘சொல்லு’ அவர்கள் வீடுகளில் ‘பறை’யாகிப் பல காலம்.

வாரம் பூராவும் ஊரார் முகத்தை ஊரார் முகமாக விடாத மனுஷர், ஞாயிற்றுக்கிழமை வந்தால் பிளாஸ்டிக்கிடம் சத்தியம் கேட்டார். இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை, சொன்னாலும் புரிந்திருக்காது.

கூட்டம் சேரச் சேர அவருக்குப் பேச்சும் ஏறியது. “கொலுப் பொம்மை வேற, இது வேற” என்று ஆரம்பிப்பார். “அது குயவன் மனசுல இருக்கற முகம். இது அப்படியில்லை, கேட்டேளா? உசிரோட ஒரு ஆளை நிறுத்தி, பாத்துப் பாத்துச் செஞ்சதாக்கும். இதோ நிக்கறானே இவன், இந்த நிமிஷம் எங்கயோ இருக்கான். சாப்பிடறான், தும்மறான்.” கேட்பவர்கள் பொம்மையை ஒரு மரியாதையோடு பார்ப்பார்கள். இந்த வசனத்தை அவர் ஐந்து வருஷம் சொன்னார், கை தட்டலும் வாங்கினார்.

லோகாம்பாள் அவருக்குப் பெரியம்மா பெண். அடுத்த தெருவில், புருஷனுடைய அண்ணா வெங்கிடாசலத்தின் வீட்டில் இருந்தாள். புருஷன் சிவசங்கரன், வாஞ்சிக்கு அத்திம்பேர் முறை, சரக்குக் கப்பலில் வயர்லெஸ் ஆபீசர். கல்யாணமாகி அவர் வீட்டில் இருந்ததெல்லாம் இரண்டு விடுமுறைதான். எழுபத்தொன்றில் மழைக்காலத்தில் அவர் போன கப்பல் அரபிக்கடலைத் தாண்டியதும் பேச்சு மூச்சில்லாமல் போயிற்று. கப்பலும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. லோகா குங்குமத்தை அழிக்கவில்லை. கூடத்தில் மாட்டியிருந்த அவர் படத்தைத் தினம் துடைப்பாள், மாலை மட்டும் போட மாட்டாள். போட்டால் போனவராகிவிடுவாரே.

எண்பத்துமூன்றில் பன்னிரண்டு வருஷம் முடிந்தது. அத்தனை காலம் தகவலில்லாதவருக்குத் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து, அதைத் தகனம் பண்ணி, காரியங்களைச் செய்துவிட வேண்டும் என்பது அவர்கள் வீட்டு முறை. வெங்கிடாசலம் ஆவணியில் ஒரு நாள் பார்த்தார். அந்த நாளோடு லோகாவின் தாலி இறங்கும். அவள் ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

அப்படி இருந்தவள் ஆடி மாதத்தில் ஒரு நாள் மாங்காய் ஊறுகாய் கொடுக்க வாஞ்சி வீட்டுக்கு வந்தாள். அலமாரியில் புதிதாக ஒரு பொம்மை நின்றது. போன வருஷம் எடுத்து, கொச்சிக்கு இன்னும் வராத ஏதோ விண்வெளிப் படத்தில் வரும் ஆள் என்றார் வாஞ்சி. சாம்பல் உடுப்பு, காதில் ஹெட்போன், கப்பலின் ரேடியோக்காரன். லோகா அதைக் கையில் எடுத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“வாஞ்சி, இது உங்க அத்திம்பேர்டா.”

வாஞ்சி சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“நீதானே எப்பவும் பறைவே? உசிரோட ஒரு ஆளை நிறுத்திச் செஞ்சதுன்னு. இந்தப் படம் போன வருஷம் எடுத்ததுங்கறே. அப்போ போன வருஷம் இவர் எங்கயோ நின்னிருக்கார். கப்பல் ஒடைஞ்சு, ஏதோ ஒரு கரையில ஏறி, புத்தி கலங்கி, கிடைச்ச வேலையப் பண்ணிண்டு...”

“அக்கா, அத்திம்பேருக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு இருந்ததே.”

“அதையெல்லாம் பிளாஸ்டிக்ல கொண்டுவருவாளா? மூஞ்சியைப் பாருடா. ஊருக்கெல்லாம் பாத்துச் சொல்றே, நேக்கு ஒண்ணு சொல்லு.”

அவள் வீட்டுக்குப் போய்க் கூடத்துப் படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தாள். வாஞ்சி அதைத் தலைகீழாக வைத்தார். பொம்மையைத் தலைகீழாகப் பிடித்தார். இல்லை என்று சொல்லிவிடலாம் என்ற நிச்சயத்தோடுதான் குனிந்தார். தாடை அதேதான். உதட்டுக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள தூரம் அதேதான். கன்னம் இறங்குகிற வளைவு, புருவத்துக்கு அடியில் விழுகிற நிழல், எல்லாம் அதேதான். பூதக்கண்ணாடியை எடுத்து மறுபடி முதலிலிருந்து பார்த்தார். வந்தது பயமா சந்தோஷமா என்று அவருக்கே தெரியவில்லை.

“ஒத்துப் போறது, அக்கா” என்றார்.

அந்த மூன்று வார்த்தை வெங்கிடாசலத்தின் வீட்டைப் புரட்டிப் போட்டது. லோகா காரியம் கூடாது என்று சொல்லிவிட்டாள். பெட்டியில் கிடந்த புருஷனின் வெள்ளைச் சட்டைகளை எடுத்து, வெளுத்து, கஞ்சி போட்டுக் கொடியில் உலர்த்தினாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் பாட்டுக்கு ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் பாடி யாரும் கேட்டதில்லை.

வெங்கிடாசலம் ஸ்டுடியோவுக்கு வந்தார். படம் எடுக்க வருகிறவர்கள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தார். சண்டை போட வந்தவர்தான், ஆனால் வாயைத் திறந்ததும் குரல் உடைந்துவிட்டது.

“அவன் போகணும்னு நேக்கு ஆசையாடா? என் தம்பியாக்கும் அவன். இருக்கான்னு நீ நிச்சயமாச் சொல்லு, இன்னிக்கே தெரு முழுக்கச் சக்கரை வழங்கறேன். நிச்சயமில்லேன்னா அவளை இப்படிக் கொடிக்கு அடியில நிறுத்தி வைக்காதே.”

நிச்சயம் என்ற சொல்லை வாஞ்சி அந்த முன்பக்கப் பெஞ்சில் எத்தனையோ தடவை வீசியிருக்கிறார். இப்போது பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார்.

அடுத்த ஞாயிறு இசக்கிமுத்து ஒரு பொட்டலத்தோடு வந்தார். ரேடியோக்காரன் பொம்மை வந்த அதே கப்பல் மறுபடி துறைமுகத்துக்கு வந்திருந்தது. விஷயம் அவருக்கும் தெரியும். அதனால் கேலி எதுவும் இல்லாமல், கொஞ்சம் தயங்கித்தான் பொட்டலத்தைப் பிரித்தார்.

“சாமி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. இவன் அந்தப் படத்துக் கப்பல் டாக்டராம். இவன் காவக்காரனாம். ரெண்டு பேரும் உங்க அத்திம்பேரு கணக்காவே இருக்கானுவ.”

வாஞ்சி மூன்று பொம்மைகளையும் வரிசையாகக் கவிழ்த்துப் பிடித்துப் பார்த்தார். தொப்பி வேறு, உடுப்பு வேறு, மயிரின் நிறம் வேறு. தலை ஒன்றே. படத்தில் வந்துபோகிற சில்லறை ஆட்களுக்கெல்லாம் தனித்தனியாக முகம் செய்ய அந்தக் கம்பெனிக்கு மனசில்லை. ஒரே அச்சில் வார்த்துப் பெயிண்ட்டை மாற்றிவிட்டது. எந்த ஆளையும் நிறுத்தவில்லை, எந்த ஆளையும் பார்க்கவில்லை. வாஞ்சியின் ஐந்து வருஷத்துப் பிரசங்கம் அந்த மேசையிலேயே படுத்துவிட்டது.

“வெச்சுட்டுப் போ இசக்கி” என்றார். இசக்கிமுத்து சாயாவைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

சரி, யாருடையதும் அல்லாத முகம் என்றே இருக்கட்டும். பின் ஏன் அது சிவசங்கரனோடு அவ்வளவு ஒத்துப்போயிற்று? தன் கண் தவறவில்லை என்று அவருக்குத் தெரியும். ஸ்டுடியோவின் பரணில் பழைய நெகட்டிவ்களைத் தகரப் பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக இறக்கித் தேடினார். சிவசங்கரனுடையது கிடைத்ததும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

முகம் முழுக்கப் பென்சில். நெற்றியில், கன்னத்தில், தாடையில், உதட்டோரத்தில், கண்ணுக்குக் கீழே, அவருடைய சொந்தக் கைப்புள்ளிகள். காதும் மூக்கு நுனியும்தான் தப்பியிருந்தன.

அப்போது எல்லாம் நினைவுக்கு வந்தது. கடைசி முறை கப்பலேறுவதற்கு முன் சிவசங்கரன் தனியாக இங்கே வந்திருந்தார். வீட்டில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்றார். “இந்தக் குழியெல்லாம் கொஞ்சம் நிரப்பிக் குடுடா வாஞ்சி. லோகா தினம் பாக்கப் போறா, கொஞ்சம் லட்சணமா இருந்துட்டுப் போறேன்” என்று சிரித்தார். வாஞ்சி அப்போதுதான் தொழிலில் கை தேறிய பையன். அத்திம்பேருக்குச் செய்கிற வேலை என்று உற்சாகம் தாங்கவில்லை. அம்மைக் குழிகளை நிரப்பினார். குழி போனதும் கன்னம் ஏனோ ஒட்டினாற்போல இருந்தது, அதையும் நிரப்பினார். தழும்பு இழுத்துவைத்திருந்த இடது கண்ணிமையை நேராக்கினார். கோணிய உதட்டைச் சமமாக்கினார். ஆள் போய் அழகு மிஞ்சியது. அந்தப் பொம்மைக்காரனும் எங்கேயோ உட்கார்ந்து இதையேதான் செய்திருக்கிறான்.

லோகா பன்னிரண்டு வருஷமாகத் துடைத்துத் துடைத்துப் பார்த்தது வாஞ்சியின் பென்சிலை. இரண்டு விடுமுறைக் காலம் மட்டும் கூட இருந்த முகம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் மெல்ல மெல்லத் தேய்ந்துபோயிருந்தது. தழும்பு இருந்தது என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. தழும்போடு முகம் எப்படி இருந்தது என்பது ஞாபகம் இல்லை.

வீட்டில் ஸ்வர்ணலதாவிடம் சொன்னார். அவள் அடுப்பைத் தணித்துவிட்டுச் சொன்னாள்: “பறையாம இருந்தா அக்கா நெத்தியில குங்குமம் இருக்கும். பறைஞ்சா அவளுக்கு என்ன கிட்டும்? சுகமா இருக்கட்டுமே.”

அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. வாஞ்சி அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போய்வந்தார். மூன்றாம் நாள் காலையில் லோகா வீட்டைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. அவள் ஓடிவந்து கொடியிலிருந்த சட்டைகளை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். நனைந்துவிட்டதா என்று ஒவ்வொரு காலராகத் தொட்டுப் பார்த்தாள். வராத ஒருவருக்காக அவள் அப்படிப் பதறுவதை அவரால் பார்க்க முடியவில்லை. நேராக ஸ்டுடியோவுக்குப் போனார்.

பஞ்சில் டர்பன்டைன் நனைத்து நெகட்டிவைத் துடைத்தார். வாழ்நாளில் அவர் பென்சிலை வைத்திருக்கிறாரே தவிர எடுத்ததில்லை. பஞ்சு கருத்தது, இன்னொன்று எடுத்தார். பிறகு அதைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டார். உலர்ந்ததும் ஒருமுறைகூடத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்காமல் காகிதத்தில் சுற்றிக்கொண்டு நடந்தார்.

லோகா கூடத்தில் இருந்தாள். வெங்கிடாசலம் ஊஞ்சலில் இருந்தார். வாஞ்சி நின்றபடியே மூன்று பொம்மைகளின் கதையைச் சொன்னார், பென்சிலைப் பற்றிச் சொன்னார். “நான்தான் ஒத்துப் போறதுன்னு சொன்னேன். என் கைவேலையோடதான் அது ஒத்துப் போச்சு, அக்கா. அத்திம்பேரோட இல்லை” என்று எப்படியோ முடித்துவிட்டு, பிரிண்ட்டை அவள் கையில் கொடுத்தார்.

குழி விழுந்த கன்னங்கள். இடது இமை சற்றே இறங்கி, எதையோ கேலி செய்வதுபோன்ற பார்வை. ஒரு பக்கமாகக் கோணிய சிரிப்பு. லோகா அதை மடியில் வைத்துக்கொண்டாள். விரலால் கன்னத்தை மெதுவாகத் தடவினாள். வழவழப்பான காகிதத்தில் அவள் விரல் குழிக்குக் குழி நின்று நின்று போயிற்று. வெங்கிடாசலம் ஊஞ்சலிலிருந்து எழுந்துவந்து ஒருமுறை பார்த்துவிட்டு, மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

“மறந்தே போச்சேடா” என்றாள் லோகா. “இப்படித்தான் சிரிப்பார். சாதம் கொழைஞ்சுதுன்னா ஒண்ணும் சொல்ல மாட்டார், இப்படிச் சிரிப்பார்.”

வாஞ்சி அழுதார். அவள் அழவில்லை. சுவரிலிருந்த பழைய படத்தை நிமிர்ந்து ஒருதரம் பார்த்தாள், பிறகு மடியில் இருந்ததைப் பார்த்தாள்.

“அதோ தொங்கறாரே, அவர் எங்கயாவது கரையேறி, சினிமாவுல நடிச்சுண்டு, பன்னெண்டு வருஷம் நம்மளை நெனைக்காம இருந்திருப்பார். முகத்தைப் பாத்தாலே தெரியறது. இவர் அப்படி இருக்க மாட்டார். உசிரோட இருந்தா நடந்தாவது வந்திருப்பார்.”

அவள் பிரிண்ட்டைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு எழுந்தாள்.

“அண்ணா, காரியம் பண்ணி வைக்கற வாத்தியாரை வரச் சொல்லுங்கோ. ஆவணி வரைக்கும் வேண்டாம், சீக்கிரமா ஒரு நாள் பாக்கட்டும். பாவம், இத்தனை வருஷமா ஒரு வாய் ஜலம் குடுக்காம நிறுத்தி வெச்சுட்டேனே.”